காற்றுக்குப் பட்டா இல்லை, நிலத்துக்கு உண்டு: கரிசலில் எரிசக்திப் பாதுகாப்பின் சாதிக் கணக்கு

'எரிசக்திப் பாதுகாப்பு' என்ற சொல் இன்று நாடாளுமன்ற உரைகளிலிருந்து போட்டித் தேர்வு வினாத்தாள் வரை புழங்குகிறது. ஒரு நாட்டுக்குத் தேவையான எரிபொருளும் மின்சாரமும் தட்டுப்பாடின்றி, தாங்கக்கூடிய விலையில் தொடர்ந்து கிடைப்பதே அதன் பொருள் என்று பாடநூல்கள் விளக்குகின்றன. இவ்விளக்கத்தில் 'நாடு' என்பது ஒற்றை மனிதரைப் போல நிற்கிறது. அந்த நாட்டுக்குள் யாருடைய ஊரில் மின்சாரம் உற்பத்தியாகிறது, அதன் வருமானம் யாருக்குப் போகிறது, அதற்காக வாழ்வாதாரத்தை இழப்பவர் யார் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தின் கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரம் இக்கேள்விகளைத் தவிர்க்க முடியாத இடம். மணியாச்சியைத் தாண்டிக் கோவில்பட்டி நோக்கிச் செல்லும் தொடர்வண்டியின் சன்னலிலிருந்து பார்ப்பவருக்குக் கரிசல் காட்டின் மீது காற்றாலைகள் சுழல்வது தெரியும். அவற்றின் அடியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைகின்றன. அக்காட்டில் களையெடுத்தும் கதிரறுத்தும் வாழும் தலித் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லை. நாம் இங்கு முன்வைக்க விரும்பும் வாதம் ஒன்றே: நமது எரிசக்திச் சட்டங்கள் பட்டா வைத்திருப்பவரை மட்டுமே மனிதராக எண்ணுகின்றன. நிலம் சாதியால் பங்கிடப்பட்ட சமூகத்தில் இதன் பொருள், நாட்டின் எரிசக்திப் பாதுகாப்புக் கணக்கில் தலித்துகள் சேர்க்கப்படவேயில்லை என்பதுதான்.

உலகத்தின் இரு பாதிகள்

முதலில் உலகக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒருவர் ஓராண்டில் சராசரியாக 12,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவிடுகிறார். இந்தியாவில் அந்த அளவு ஏறத்தாழ 1,400 யூனிட். உலகச் சராசரி இந்திய அளவைப் போல இரு மடங்குக்கும் அதிகம். இன்றும் உலகில் 66 கோடிக்கும் மேற்பட்டோர் மின்சாரமின்றி வாழ்கின்றனர். அவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

எரிபொருள் இருக்கும் இடத்தில் வெளிச்சமும் இருக்கும் என்பது உண்மையன்று. நைஜீரியா பெருமளவில் எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கு எட்டுக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு மின்சாரம் இல்லை. எண்ணெய்க் கிணறுகளால் தம் நிலமும் நீரும் பாழாவதை எதிர்த்துப் போராடிய ஒகோனி மக்களின் தலைவர் கென் சாரோ விவா உள்ளிட்ட ஒன்பது பேரை 1995 நவம்பர் 10 அன்று அந்நாட்டு இராணுவ அரசு தூக்கிலிட்டது. மறுபுறம், ஜப்பான் தனது எரிசக்தித் தேவையில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும் அளவைத்தான் சொந்த மண்ணில் பெறுகிறது. ஆயினும் அங்கு விளக்குகள் அணைவதில்லை. வாங்கும் வல்லமை உள்ளவரிடம் எரிசக்தி போய்ச் சேர்கிறது; அது பிறக்கும் மண்ணில் தங்குவதில்லை.

இந்தியா இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிற்கிறது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேலும், சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடும் இறக்குமதி. மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹார்முஸ் நீரிணையில் பதற்றம் என்றால், அதன் விளைவு விளாத்திகுளத்தில் இருக்கும் அடுப்பு வரை வரும். 2023 மார்ச்சில் வீட்டு உபயோக எரிவாயு உருளையின் விலை 1,100 ரூபாயைக் கடந்தபோது, 'உஜ்வலா' இணைப்புப் பெற்றிருந்த கூலிக் குடும்பங்கள் மீண்டும் சீமைக்கருவேல விறகுக்குத் திரும்பியதில் வியப்பில்லை. அண்டை நாடான இலங்கையில் 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். எனவே உள்நாட்டுக் காற்றையும் வெயிலையும் நம்பும் கொள்கை தேவையானது. அதை நாம் எதிர்க்கவில்லை. அது எந்த நிபந்தனைகளின் பேரில் நடக்கிறது என்பதே நமது கேள்வி.

எண்ணெய் தந்த நிமிர்வு

உலக எரிசக்திக்கும் தலித் வாழ்வுக்கும் தொடர்பு புதிதன்று. 1973இன் எண்ணெய் விலை உயர்வுக்குப் பிறகு வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலை பெருகியது. தென் தமிழகத்திலிருந்து அங்கு சென்ற உழைப்பாளிகளில் தலித்துகளும் இருந்தனர். இதே மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள கொடியங்குளம் அப்படி நிமிர்ந்த ஊர். வளைகுடாப் பணம் அங்கு கல்வீடுகளையும் கல்வியையும் தந்தது. ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளரிடம் கைகட்டி நிற்க வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்தியது. 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான காவலர்கள் அவ்வூருக்குள் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் அடித்து நொறுக்கினர். மக்கள் இழந்தவற்றில் கடவுச்சீட்டுகளும் அடங்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. உள்ளூர் நிலத்தைச் சாராத வருமானம் ஒரு தலித் ஊருக்குக் கிடைத்தால் அதைச் சாதியச் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பதற்குக் கொடியங்குளம் சான்று.

எண்ணெய் தொலைதூரப் பாலைவனத்தில் இருந்தது. அதைத் தேடிச் சென்றவர்களுக்கு உள்ளூர்ச் சாதியிலிருந்து சற்று விடுதலை கிடைத்தது. புதிய எரிசக்தியான காற்றும் வெயிலும் உள்ளூரிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பயன்படுத்த நிலம் வேண்டும். ஆகவே அந்த வருமானம் பழைய நிலவுடைமை ஓடிய அதே வாய்க்காலில் ஓடுகிறது.

கரிசலுக்கு வந்த காற்றாலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று இந்தச் சமவெளியை அடைகிறது. 1986 முதல் 1990களின் தொடக்கம் வரை தமிழ்நாடு மின்சார வாரியம் முள்ளக்காடு, கயத்தாறு, முப்பந்தல் போன்ற இடங்களில் மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் கயத்தாற்றில்தான் உள்ளது. அரசு வழிகாட்ட, வரிச் சலுகைகளைப் பயன்படுத்தித் தனியார் பின்தொடர்ந்தனர். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி தனியாருடையது.

இந்த மின்சாரம் யாருக்கு? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் 2005ஆம் ஆண்டு விதிகளும் 'சொந்தப் பயன்பாட்டு உற்பத்தி' என்ற ஏற்பாட்டை அனுமதிக்கின்றன. மின்நிலையத்தில் 26 விழுக்காடு உரிமையும், உற்பத்தியில் 51 விழுக்காடு பயன்பாடும் இருந்தால் போதும். தொலைவிலுள்ள ஒரு நூற்பாலை தன் மின்சாரத்தைக் கரிசலில் உற்பத்தி செய்து, அரசின் மின்கம்பி வழியே கொண்டுபோகலாம். கம்பியில் எல்லா மின்சாரமும் கலந்தே ஓடும். கணக்கில் மட்டும் அது ஆலைக்கு உரியதாகிவிடும்.

கடம்பூர் வட்டாரத்தின் தலித் வீடுகளில் விளக்கு எரியவில்லை என்று நாம் சொல்லவில்லை. வீட்டு மின்இணைப்பில் தமிழ்நாடு பல மாநிலங்களைவிட முன்னே நிற்கிறது. 2016 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றியும் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் விளக்கு எரிவதும் மின்சாரத்தால் முன்னேறுவதும் வேறு வேறு. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு மாநிலம் இலவச மின்சாரம் தருகிறது. அது நிலமும் கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கான சலுகை. மானாவாரிக் காட்டில் கூலி வேலை செய்யும் அருந்ததியப் பெண்ணுக்கு அதில் ஒரு யூனிட்டும் வராது. பொதுப்பணத்திலிருந்து வரும் மின்மானியமும்கூட நிலவுடைமையின் வழியாகவே பங்கிடப்படுகிறது.

அடுத்த கட்டமும் தொடங்கிவிட்டது. பழைய சிறு காற்றாலைகளை அகற்றிப் பெரியவற்றை நிறுவுவதற்கான கொள்கையை 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில், தூத்துக்குடியில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்காக சிங்கப்பூரின் செம்கார்ப் நிறுவனம் 36,238 கோடி ரூபாய் மதிப்பிலான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பசுமை அம்மோனியாவை இங்கிருந்து ஜப்பானுக்கு அனுப்பும் ஏற்பாடு குறித்து ஜப்பானிய நிறுவனங்களுடனும் அது உடன்பட்டது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தூய நீர் வேண்டும். கோவில்பட்டிக்கான குடிநீரே சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாய்வழி வருகிறது. கடல்நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதாயின் அதை நிபந்தனையாகவே எழுத வேண்டும். ஜப்பானின் எரிசக்திப் பாதுகாப்புக்கும் கரிசல் மண்ணுக்கும் இடையே இப்போது நேரடிக் கோடு ஒன்று வரையப்படுகிறது. அந்தக் கோட்டின் இந்த முனையில் வாழும் மக்களிடம் யார் கேட்டார்கள்?

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர்கள்

கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதுதான் சட்ட நிலை. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலையும் சூரிய ஒளித் தகடு மின்நிலையமும் இல்லை; ஆகவே அந்த அறிவிக்கையின் கீழ் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவற்றை மாசு குறைந்த 'வெள்ளை' வகைத் தொழில்களில் சேர்த்தது. புகையை மட்டும் அளந்தால் இது சரியே. ஆனால் ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நான்கைந்து ஏக்கர் நிலம் தேவை. பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தின் கமுதியில் 2016இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. காற்றாலையைச் சுற்றி உழலாம், ஆடு மேய்க்கலாம். வேலியிட்ட சூரிய மின்பண்ணைக்குள் எதுவும் முடியாது.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஒரு முக்கியமான முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது. அதன் பிரிவு 3(சி), சொந்த நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரரையும் வாரச் சாகுபடியாளரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் சேர்த்தது; மூன்று ஆண்டுகளாக அங்கு உழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்தால் போதும். கூலி உழைப்புக்கும் அந்த நிலத்தின் மீது ஒரு நியாயம் உண்டு என்பதை இந்த வரையறை ஏற்றது. ஆனால் அரசு கையகப்படுத்தினால்தான் இது முழுமையாகப் பொருந்தும். நிறுவனம் நேரடியாக விலைக்கு வாங்கினாலோ குத்தகைக்கு எடுத்தாலோ கூலிக்காரர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். பெரிய அளவில் தனியார் வாங்கும்போது மறுவாழ்வுப் பொறுப்பு உண்டு என்று பிரிவு 46 கூறினாலும், அதற்கான வரம்பை வகுப்பது மாநில அரசு. சிறு சிறு துண்டுகளாக வாங்குவோர் எளிதில் அதற்கு வெளியே நின்றுவிடலாம். தொழிற்பேட்டைகளுக்காகத் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடே தேவையில்லை. இதற்காக மாநிலம் 2019இல் இயற்றிய சட்டத்தை 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

உயரழுத்த மின்தடத்தில் நிலை இன்னும் தெளிவு. மின்கோபுரத்துக்கான இழப்பீட்டை நிலமதிப்பில் 85 விழுக்காட்டிலிருந்து 200 விழுக்காடாக உயர்த்தி 2024 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. வரவேற்கத்தக்கது. ஆனால் 'நிலமதிப்பு' என்ற அளவுகோலில் நிலமற்றவரின் இழப்பு என்றும் சுழியமே.

நிலமற்றவர் இழப்பது எதை? நாற்பது ஏக்கர் மானாவாரி நிலம் சூரிய மின்பண்ணையாக மாறினால் உரிமையாளருக்கு விலையோ குத்தகையோ கிடைக்கும். அங்கு விதைப்பிலிருந்து அறுப்பு வரை கிடைத்த கூலி நாட்கள் போய்விடும். அறுப்புக்குப் பின் தரிசில் மேய்ந்த ஆடுகளுக்கு இடம் போய்விடும். விறகு போய்விடும். ஓடைக்கும் மேய்க்கால் புறம்போக்குக்கும் சென்ற வண்டிப்பாதை வேலிக்குள் அடங்கினால் ஊரே சுற்றிப்போக வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் ஆவணம் கிடையாது. ஆவணம் இல்லாததைச் சட்டம் இழப்பாகக் கருதாது.

பஞ்சமி நிலம் என்ற முதல் கேள்வி

நிலமில்லாமை இயற்கையாக நேர்ந்ததன்று. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கிடப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அதை மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

தரிசு என்று யாரும் சீந்தாமல் கிடந்த நிலத்துக்கு எரிசக்தித் திட்டங்களால் திடீரென விலை வந்திருக்கிறது. தரகர்கள் ஊர் ஊராகச் செல்கின்றனர். பஞ்சமி நிபந்தனை உள்ள நிலம் ஒன்று பெயர் மாறிப் பல கை கடந்து இருபத்தைந்து ஆண்டுக் குத்தகைக்குப் போய்விட்டால், அதை மீட்பது ஒரு தலைமுறையின் வேலையாகிவிடும். ஆகவே ஒரு திட்டத்துக்கு மின்தொகுப்பு இணைப்பு வழங்கும் முன்பே அதன் சர்வே எண்கள் பஞ்சமி நிலமா என்று வருவாய்த்துறை சான்றளிக்க வேண்டும். அச்சான்று 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகளையும் பார்த்து வழங்கப்பட வேண்டும்.

அண்ணல் கேட்ட மின்சாரம்

இதெல்லாம் வளர்ச்சிக்கு எதிரான குரல் என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்துறையும் இருந்தது. நாடு தழுவிய மின்கொள்கைக்கும் மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியத்துக்கும் அடித்தளம் அவர் காலத்தில் இடப்பட்டது. 1943 அக்டோபரில் மின்சக்திக் கொள்கைக் குழுவில் உரையாற்றியபோது, மின்சாரம் எதற்காக என்ற கேள்வியை அவர் எழுப்பினார். மலிவான, மிகுதியான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை. தொழில்மயம் இல்லாமல் மக்கள் வறுமையிலிருந்து மீள வழியில்லை என்பது அவரது வாதம். 1947இல் அரசமைப்பு நிர்ணய சபைக்கென எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் முதன்மைத் தொழில்களும் வேளாண் நிலமும் அரசுடைமையாக வேண்டும் என்றார். மின்சாரத்தையும் நிலத்தையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகப் பார்த்தவர் அவர். நாம் கேட்பது அந்த வழிவந்த வளர்ச்சி.

முன்மாதிரிகள் உண்டு

பிற நாடுகளில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றுள்ளது. நார்வேயின் ஃபோசன் பகுதியில் கலைமான் மேய்க்கும் சாமி பழங்குடியினரின் மேய்ச்சல் பரப்பில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 2021 அக்டோபர் 11 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27ஆவது பிரிவை அந்த அனுமதி மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. நிலப்பட்டா இல்லாத மேய்ச்சல் வாழ்வும் உரிமையே என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அந்த உடன்படிக்கையில் 1979 முதல் இந்தியாவும் உறுப்பு நாடு. தென்னாப்பிரிக்காவில் தனியார் பசுமை மின்திட்ட ஏலங்களில் உள்ளூர்ச் சமூகத்துக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு பங்குரிமை என்பது நிபந்தனையாக வைக்கப்பட்டது. இனவொதுக்கல் நிலத்தைப் பறித்த நாடு அது என்பதால் இந்த நிபந்தனைக்குப் பொருள் அதிகம்.

நமது நாட்டிலேயே முன்மாதிரிகள் உள்ளன. 2008ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து ஆண்டுகளுக்கு மாதம் 100 யூனிட் மின்சாரமும், உள்ளூர் மேம்பாட்டு நிதிக்கு 1 விழுக்காடு மின்சாரமும் ஒதுக்கியது. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை அமைத்தது. ஆற்றுக்கும் நிலக்கரிக்கும் பொருந்தும் இந்த நியாயம் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏன் பொருந்தாது?

நமது கோரிக்கைகள்

முதலாவதாக, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட காற்றாலை, சூரிய மின்திட்டங்களுக்கு, நிலம் விலைக்கு வாங்கப்பட்டாலும் குத்தகைக்கு எடுக்கப்பட்டாலும், நிலமற்றோரைக் கணக்கெடுக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமாக வேண்டும். பிரிவு 46இன் வரம்பைத் தமிழ்நாடு அரசு இதற்கேற்பக் குறைக்க வேண்டும். இரண்டாவதாக, நீர்மின் கொள்கையைப் போல வருவாயில் ஒரு பங்கு உள்ளூர் நிதியாக வேண்டும்; அதில் தலித் மக்கள்தொகைக்குக் குறையாத பங்கு தனியே ஒதுக்கப்பட வேண்டும். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதியிலும் இதை நிபந்தனையாக்கலாம். மூன்றாவதாக, மீட்கப்படும் பஞ்சமி நிலங்களில் தலித் கூட்டுறவுகளே மின்உற்பத்தியாளராக வேண்டும். தரிசு நிலத்தில் 2 மெகாவாட் வரை சூரிய மின்நிலையம் அமைக்க 2019இன் 'குசும்' திட்டம் கூட்டுறவுகளையும் அனுமதிக்கிறது. அதற்கான முதலீட்டைப் பட்டியல் சாதியினர் துணைத் திட்ட நிதியிலிருந்தே வழங்கலாம்.

இக்கோரிக்கைகள் தாமாக நிறைவேறா. கடம்பூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. திட்டம் எந்தச் சர்வே எண்களில் வருகிறது, அவற்றில் ஓடையும் மேய்க்காலும் பாதையும் எவ்வளவு என்று அங்கு கேட்டுத் தீர்மானமாகப் பதிய வைக்கலாம். பொதுநிலங்களை மீட்டு ஊருக்குத் தர வேண்டும் என்ற 2011ஆம் ஆண்டு ஜக்பால் சிங் தீர்ப்பு அதற்குத் துணை நிற்கும். கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊரின் 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்று ஒப்பிடலாம். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை கூலி நாட்கள், எத்தனை ஆடுகள், எங்கே மேய்ச்சல் என்று இப்போதே எழுதி வைக்கலாம். வேலி போட்ட பிறகு அவற்றை மெய்ப்பிப்பது கடினம். வேலிக்கு முன் எழுதப்பட்ட கணக்கு நீதிமன்றத்தில் பேசும்.